யார் எந்தக் குழு? பூவா தலையா போட்டுப் பாருங்கள்

ஒரு பள்ளியில் மாலை நேரக் கவனப் பயிற்சி நடத்தினார்கள். ஆறு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "சேர்ந்த பசங்களுக்கு மார்க் ஏறியிருக்கு மேடம், சேராதவங்களுக்கு ஏறல. பயிற்சி வேலை செய்யுதுன்னு ஒரு ரிப்போர்ட் கொடுங்க" என்றார்கள்.

யார் யார் சேர்ந்தார்கள் என்று கேட்டேன். விருப்பப்பட்டவர்கள். அதாவது, ஆறு மணிக்கு வந்து கூட்டிப் போக வீட்டில் ஆள் இருக்கிற பிள்ளைகள். ஏறிய மார்க் பயிற்சி தந்ததா, அந்த வீடு தந்ததா? ரிப்போர்ட் எழுத மறுத்துவிட்டேன்.

அடுத்த பருவத்தில் முறையாகச் செய்தோம். முன்தேர்வு மதிப்பெண்படி பெயர்களை வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து வரும் இருவரை ஒரு ஜோடியாக்கினோம். நாற்பது பிள்ளைகளை வெறும் குலுக்கலில் பிரித்தால் கெட்டிக்காரர்கள் ஒரே பக்கம் குவிந்துவிடக்கூடும். அதனால்தான் முதலில் ஜோடி. பிறகு ஒரு ரூபாய் நாணயம். பூ விழுந்தால் மேலே இருக்கிற பெயர் பயிற்சிக்கு, தலை விழுந்தால் கீழே இருக்கிற பெயர். மற்றவருக்கு அடுத்த பருவத்தில் பயிற்சி.

பத்தாவது ஜோடியில் வகுப்பாசிரியர் குறுக்கிட்டார். "மேடம், மேல இருக்கிற பையனுக்கு அப்பா இல்ல. இவனை மட்டும் இப்பவே சேர்த்துடுங்களேன்."

குழுக்கள் கோணிப் போவதை நான் பார்த்த இடங்களில் எல்லாம் காரணம் இந்த இரக்கம்தான். அவருக்கு ஒரு பழைய கதை சொன்னேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஊர்களில், சிறுவர்கள் குற்றத்தில் இறங்காமல் தடுக்க 1939இல் தொடங்கிய ஆய்வு. 506 சிறுவர்களை வயது, குடும்பச் சூழல் போன்றவை பார்த்து ஜோடி சேர்த்து, நாணயம் சுண்டிப் பிரித்தார்கள். 253 பேருக்கு ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இருமுறை வீடு தேடிப் போனார்கள். படிப்புக்கு உதவி, மருத்துவம், கோடை முகாம் என்று 1945 வரை கவனித்தார்கள். மற்ற 253 பேருக்கு எதுவும் இல்லை. சுமார் 30 ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் இரு பக்கத்தவரையும் தேடிப் பிடித்தார். கேள்வித்தாளுக்குப் பதில் அனுப்பிய உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றார்கள். ஆனால் மறுபக்கத்து ஜோடிகளோடு வைத்துப் பார்த்தால், மறுபடி குற்றம் செய்தது, குடிநோய் அறிகுறி, சீக்கிரம் இறந்தது எல்லாம் உதவி பெற்றவர்களிடமே கூடுதல். 1978இல் வெளியான முடிவு இது. அந்த இன்னொரு 253 பேர் இல்லாவிட்டால் திட்டத்துக்குப் பாராட்டு விழாவே நடந்திருக்கும்.

ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, சுண்டுங்க" என்றார்.

தலை விழுந்தது. அடுத்த பருவப் பட்டியலில் அந்தப் பையன் பெயரை அவரே எழுதினார்.