இன்சுலின் போட்டாச்சு, சாப்பாடு எங்கே?

சரியான நோயாளி, சரியான மருந்து, அளவு, வழி, நேரம். இந்த ஐந்தையும் பயிற்சித் தாதியர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மருந்து அட்டையில் கையெழுத்துப் போட்டதும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். கொடுத்த மருந்து என்ன செய்கிறது என்று திரும்பி வந்து பார்ப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நான் வேலை பார்ப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புற டவுன். சுற்றிலும் செம்பனை. இங்கே முதல் ‘சரி’யிலேயே சிக்கல் வரும், ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி, இரண்டு முனியாண்டி படுத்திருப்பது சாதாரணம். “லெட்சுமிதானே பாட்டி?” என்று கேட்டால், காது மந்தமான எந்தப் பாட்டியும் மிஸி (தாதி) கேட்கிறாரே என்று தலையாட்டிவிடுவார். “பாட்டி, உங்க பேரு என்ன? அப்பா பேரு?” என்று அவரையே சொல்ல வையுங்கள். அப்புறம் கைப்பட்டையில் உள்ள ஐசி (அடையாள அட்டை) எண்ணை அட்டையோடு ஒப்பிடுங்கள். கட்டில் எண்ணை நம்பவே வேண்டாம். காற்றாடிக்குக் கீழே இடம் காலியானால் மாறிப் படுத்துக்கொள்கிறவர்கள் நம் ஆட்கள்!

இனி இன்சுலின். ஆக்ட்ராபிட் போன்ற குறுகிய நேரம் வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பாட்டுக்குச் சுமார் 30 நிமிடம் முன்னால் போடுவோம். போட்ட கையோடு பாட்டியை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனால் மேசையில் சோறு ஆறிக் கிடக்கும், பாட்டிக்குச் சர்க்கரை இறங்கிவிடும். தட்டு காலியாக இருந்தாலும் ஏமாறாதீர்கள், பார்க்க வந்த பேரன் சாப்பிட்டிருக்கலாம். ஊசி எடுக்குமுன், வாந்தி இருக்கிறதா, ஏதாவது சோதனைக்காகப் பட்டினி போட்டிருக்கிறார்களா, சாப்பாடு எப்போது வரும் என்று விசாரியுங்கள். ‘யூனிட்’ என்பதை முழுதாக எழுதுங்கள். ஆங்கில ‘யூ’ எழுத்தை மட்டும் போட்டால் அது சுழியாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகிவிடும்.

ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ரத்தக் கொதிப்புக்கு மெட்டோபுரோலால் சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். வயதானவர் உளறினால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாமல் குளுக்கோமீட்டரை எடுங்கள். விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். வீட்டார் மைலோ கலக்க ஓடுவார்கள். பாலும் கொழுப்பும் சேர்ந்தால் சர்க்கரை ஏறத் தாமதமாகும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இரவு 10 மணிக்கு இன்சுலாடார்ட் என்ற, மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் போட்டவருக்கு விடியற்காலை 2, 3 மணிதான் கண்டம். அந்த நேரத்தில் கட்டிலருகே போய் வியர்த்திருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, தலையணைக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் பை. வீட்டிலிருந்து கொண்டுவந்த டயமைக்ரான் என்ற சர்க்கரை மாத்திரையை, “கிளினிக்கில் கொடுத்ததுதானே” என்று பாட்டி தன் பாட்டுக்கு விழுங்கிக்கொண்டிருப்பார். வார்டில் நாம் கொடுக்கும் கிளிக்ளசைடும் அதே மருந்துதான். திட்டாமல் கேட்டால் பையைப் பிரித்துக் காட்டுவார். எழுதிக்கொண்டு மருந்தாளரிடம் சொல்லுங்கள். பையை மகளிடம் கொடுத்தனுப்பிவிடலாம்.