லித்தியம் எப்படி உயிரைப் பிடித்து வைக்கிறது?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு பைபோலார், அதாவது அளவு மீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு. முன்பு தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர். லித்தியம் மாத்திரை தொடங்கி ஒரு வருடம் தாண்டிவிட்டது. இப்போது வேலைக்குப் போகிறார், வீட்டில் எல்லாரோடும் பேசுகிறார். "செல்போன் பேட்டரியில் இருக்கிற அதே லித்தியமா சார் இது? நல்லாத்தானே இருக்கான், இனிமே எதுக்கு மாத்திரைன்னு அம்மா கேக்குறாங்க."

அதே தனிமம்தான். ஆனால் மாத்திரையில் இருப்பது உலோகம் அல்ல, லித்தியம் கார்பனேட் என்ற உப்பு. சோடியம் உலோகத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். சோடியம் குளோரைடை நாம் ரசத்தில் போடுகிறோம். அவ்வளவுதான் விஷயம். அம்மாவின் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட 20 முதல் 30 மடங்கு அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனநல மருந்துகள் பல இருக்கின்றன. பெரும்பாலானவை நோயைக் குறைக்கும். அதோடு தற்கொலையும் குறையும் என்று நம்புகிறோம். லித்தியத்தின் கதை வேறு. 2013இல் 48 ஆய்வுகளை, மொத்தம் 6,674 நோயாளிகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட லித்தியம் சாப்பிட்டவர்களிடம் தற்கொலை தெளிவாகக் குறைந்திருந்தது. மனநிலை ஏற்ற இறக்கம் முழுசாக அடங்காதவர்களிடம்கூட இந்தப் பாதுகாப்பு தெரிகிறது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

இந்த மருந்து வந்த வழியே விசித்திரமானது. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியர்களிடம் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பியதும், பித்து நிலைக்கு (உற்சாகம் கட்டுமீறும் அந்தக் கட்டத்துக்கு) காரணம் உடம்பில் சேரும் ஏதோ நச்சு என்று நினைத்து, நோயாளிகளின் சிறுநீரை கினிப் பன்றிகளுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார். சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலத்தையும் சோதிக்க நினைத்தார், அது தண்ணீரில் சரியாகக் கரையவில்லை. நன்றாகக் கரைகிறதே என்று லித்தியம் யூரேட்டை எடுத்தார். பன்றிகள் சாதுவாகிவிட்டன. (லித்தியம் அளவு மீறி அவை சும்மா துவண்டு போயிருக்கவும் கூடும்!) அப்புறம் தானே விழுங்கிப் பார்த்துவிட்டு, பித்து நிலையில் இருந்த 10 பேருக்குக் கொடுத்தார். 1949இல் கட்டுரை வெளியானது. கருதுகோள் தப்பு, மருந்து சரி.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ வேதியியலில் மூலைவிட்டத் தொடர்பு என்று ஒரு பாடம் உண்டு. தனிம அட்டவணையில் லித்தியத்துக்குக் குறுக்கே கீழே இருப்பது மக்னீசியம். இரண்டின் அயனிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவு: 76 பிக்கோமீட்டர், 72 பிக்கோமீட்டர். தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்த இந்தச் சங்கதிதான் மூளைக்குள் வேலை செய்கிறது. நம் நொதிகளில் பல, மக்னீசியம் வந்து உட்கார்ந்தால்தான் இயங்கும். அந்த இருக்கையில் லித்தியமும் உட்கார்ந்துகொள்ளும்; உட்கார்ந்தபின் வேலை நடக்காது.

அப்படி மாட்டிக்கொள்ளும் நொதிகளில் ஒன்று ஐனோசிட்டால் மோனோபாஸ்பட்டேஸ். பெயர் நீளம், வேலை சின்னது. நரம்பு செல்லின் மேல் ஒரு செய்தி வந்து தட்டினால், செல்லின் சவ்விலிருந்து ஐனோசிட்டால் சேர்ந்த ஒரு மூலக்கூறு பிய்ந்து உள்ளே போய்ச் செய்தியைச் சொல்லும். சொல்லி முடித்ததும் அதன் மேலிருக்கும் பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மிச்சமிருக்கும் ஐனோசிட்டாலைச் சவ்வுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கடைசிப் பாஸ்பேட்டைக் கழற்றுவது இந்த நொதி. ரத்தத்திலிருந்து மூளைக்குள் ஐனோசிட்டால் எளிதில் நுழையாது என்பதால், பழையதைத் திருப்பிப் பயன்படுத்தியே ஆக வேண்டும்.

கோலி சோடா வியாபாரம் மாதிரிதான் இது. காலி பாட்டில் கம்பெனிக்குத் திரும்பி, கழுவி, நிரப்பி வந்தால்தான் அடுத்த விற்பனை. கழுவுகிற ஆளின் கையைக் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? நாளைக்கு நாலு பாட்டில் விற்கும் கடைக்கு அது தெரியவே தெரியாது. திருவிழாக் கூட்டத்தில் விற்றுத் தள்ளும் கடை முதலில் காலியாகும். லித்தியமும் அப்படித்தான்: அடங்கி வேலை செய்யும் செல்லை விட்டுவிட்டு, அளவுக்கு மீறித் துடிக்கும் செல்லை மட்டும் அடக்குகிறது.

இதைவிட அழகான ஒன்று இருக்கிறது. நொதி சும்மா இருக்கும்போது லித்தியத்தால் அதைப் பிடிக்க முடியாது. நொதி தன் வேலையைச் செய்து, ஒரு மக்னீசியம் எழுந்து போய், கழற்றிய பாஸ்பேட் இன்னும் வெளியேறாமல் இருக்கும் அந்த இடைவெளியில்தான் லித்தியம் நுழைந்து பூட்டிவிடுகிறது. ஆக, எந்த நொதி அதிகம் உழைக்கிறதோ அதுதான் அதிகம் மாட்டும். திட்டம் போட்டு ஒரு மருந்தை வடிவமைத்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது. இது முழு விளக்கம் அல்ல. ஜிஎஸ்கே-3 என்ற இன்னொரு நொதியையும் லித்தியம் தடுக்கிறது. சட்டென்று பொங்கும் ஆவேசத்தை லித்தியம் தணிப்பதால்தான் தற்கொலை குறைகிறது என்பது சிலரின் கருத்து. என் ஓட்டு இன்னும் கோலி சோடாவுக்குத்தான்.

ஒரு தொந்தரவும் உண்டு. மூளையில் மக்னீசியம் போல் நடிக்கும் லித்தியம், சிறுநீரகத்தில் சோடியம் போல் நடிக்கிறது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். லித்தியத்தையும் சேர்த்தே பிடிக்கும். ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். பயன் தரும் அளவு லிட்டருக்கு சுமாராக 0.6 முதல் 1.0 மில்லிமோல், அதற்கும் ஆபத்துக்கும் இடைவெளி குறைவு. அக்னி நட்சத்திர வெயில், வயிற்றுப்போக்கு, திடீரென்று உப்பில்லாப் பத்தியம், பிரஷருக்குத் தரும் சில நீர் மாத்திரைகள், மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை என எல்லாமே இதில் கை வைக்கும். கை நடுக்கம் கூடினாலோ, பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையை முந்தைய வேளை மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு லேபுக்குப் போனால் அளவு தப்பாகக் காட்டும். இது அடிக்கடி நடக்கிறது.

எல்லா ஆய்வும் லித்தியத்துக்குச் சாதகம் என்று சொல்ல மாட்டேன். 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முன்னாள் படைவீரர்கள் 519 பேரிடம் வெற்று மாத்திரைக்கும் லித்தியத்துக்கும் வித்தியாசமே தெரியாமல் பாதியில் நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இருமுனைக் கோளாறு அல்ல, மனச்சோர்வு. ரத்தத்தில் லித்தியமும் குறைவாகவே இருந்தது. அதனால் கேள்வி இன்னும் முடியவில்லை. இதைத் தீர்க்கப் பெரிய ஆய்வு வேண்டும். யார் செலவு செய்வார்கள்? லித்தியத்துக்குக் காப்புரிமை கிடையாது, மாத்திரை சில ரூபாய்தான், எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. அரசுப் பணம் வர வேண்டிய இடம் இதுதான், வருவதுதான் இல்லை.

இப்போது அம்மாவின் கேள்வி. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் அடுத்த ஒரு வருடத்தில் தற்கொலை முயற்சி பல மடங்கு கூடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. தம்பி நன்றாக இருப்பது மாத்திரையால் இருக்கலாம். பக்கவிளைவாலோ வேறு காரணத்தாலோ நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், மருத்துவர் பார்வையில் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். கோவிலுக்கோ தர்காவுக்கோ போவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. போகிற இடத்தில் மாத்திரையை நிறுத்தச் சொன்னால்தான் கோபம் வருகிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா பக்கம் ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அதற்கப்புறமும் மந்திரித்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று வயலை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

மனச்சிதைவு நோயில் தற்கொலையைத் தடுக்க, லித்தியத்தின் இடத்தில் குளோசபின் என்ற மருந்து இருக்கிறது. வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். அப்படியானால் தற்கொலையைத் தடுப்பது மருந்தா, வாராவாரம் ஒருவர் முகம் பார்த்துப் பேசுவதா? 2003இல் வெளியான, 980 பேர் பங்கேற்ற ஆய்வில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒப்பிடுவதற்காக ஓலன்சபின் என்ற இன்னொரு மருந்து கொடுத்தவர்களையும் அதே போல் அடிக்கடி வரவழைத்தார்கள். அப்படியும் குளோசபின் குழுவில் தற்கொலை முயற்சிகள் குறைவு. மருந்துக்கென்று தனிப் பங்கு உண்டு.

அதற்காகப் பேச்சு வீண் என்றும் அர்த்தமில்லை. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை வைத்து சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் ஒரு ஆய்வு நடந்தது, 2008இல் வெளியானது. பாதிப் பேருக்கு, டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு மணி நேரம் விளக்கம், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையில் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்பதால், அப்போது நச்சரிப்பதுபோல் தோன்றினாலும் விசாரிக்கலாம். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

ஆமாம் என்று பதில் வந்தால், தனியே விடாமல் கூட இருந்து, வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் அன்றைக்கே கூட்டிப்போங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104 இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் 108.