கொலைக்கல்லை உடைத்தும் சாவு நிற்கவில்லை

ஜப்பானின் தொச்சிகி மாகாணத்தில், நாசு எரிமலைத் தொடரின் சரிவில் புல்கூட முளைக்காத ஒரு மொட்டைப் பள்ளத்தாக்கு உண்டு. அதன் கோடியில் இருக்கும் பாறைக்கு செஷ்ஷோசெகி என்று பெயர். கிட்டே போகும் உயிர்களைக் கொல்லும் கல் என்பது அதன் புகழ்.

கதை 12ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. அரியணை துறந்த பேரரசர் தோபாவின் மனத்தைக் கவர்ந்த தமாமோ நோ மாயே என்ற பேரழகி அரண்மனைக்கு வந்த பிறகு, அவர் நோயில் விழுகிறார். அவள் பெண்ணே அல்ல, ஒன்பது வால் கொண்ட மாய நரி என்று அரண்மனைச் சோதிடர் கண்டுபிடிக்கிறார். நாசுவுக்குத் தப்பியோடிய நரியை வீரர்கள் துரத்திப் போய்க் கொல்ல, அதன் ஆவி கல்லாகிறது. மேலே பறக்கும் பறவையும் சுருண்டு விழுமாம். 14ஆம் நூற்றாண்டில் கென்னோ என்ற பௌத்தத் துறவி கல்லுக்கு உபதேசம் செய்து, சுத்தியலால் உடைத்து நரியை அமைதிப்படுத்தினார். அதோடு கதை சுபம்.

ஆனால் 1689இல் ஹைக்கூ கவிஞர் பாஷோ அங்கே போனபோது, கல்லின் நஞ்சு இன்னும் தீரவில்லை என்றும், மணலின் நிறமே தெரியாத அளவுக்குத் தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் செத்துக் குவிந்திருந்தன என்றும் எழுதிவைத்தார். உடைத்து முந்நூறு வருடம் ஆன கல் எப்படிக் கொல்லும்?

கொன்றது கல் அல்ல, அதைச் சுற்றியுள்ள நிலம். ஆழத்தில் இருக்கும் எரிமலைக் குழம்பில் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக வாயுக்கள் எல்லாம் பெரும் அழுத்தத்தில் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே வர வர அழுத்தம் குறைந்து அவை பிரிகின்றன. கந்தகம் முதலில் பெரும்பாலும் சல்ஃபர் டை ஆக்சைடாகத்தான் கிளம்பும். வழியில் நிலத்தடி நீரில் மாட்டிக்கொண்டால் அது எளிதில் கரைந்துவிடும். ஒரு பகுதி கந்தக அமிலமாகவும், இன்னொரு பகுதி ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் மாறும். பின்னது நீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் வெந்நீர் ஊற்றுகள் உள்ள எரிமலைச் சரிவுகளில் பாறை இடுக்குகள் வழியாக அதுதான் முந்திக்கொண்டு வெளியேறும். புல் முளைக்காததற்கு மண்ணை ஊறவைத்திருக்கும் அந்த அமிலம் முக்கியக் காரணம்.

காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 34, கார்பன் டை ஆக்சைடுக்கு 44. சூடாக வரும்போது வாயு மேலே எழும்பினாலும் ஆறியதும் கீழே இறங்கும். காற்று வீசினால் கலைந்து போய்விடும். காற்றே அசையாத இரவில், பள்ளமான இடத்தில், தரையை ஒட்டித் தேங்கும். முதலில் மாட்டுவது பூச்சிகளும் சிறு விலங்குகளும்தான். நேற்று பத்திரமாகப் போய்வந்தவன் இன்று விழுவான் என்பதால், கல்லுக்குள் ஏதோ ஒரு மனசு இருப்பதாகத் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை.

உடலுக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, சயனைடு தாக்கும் இடத்தையே தாக்குகிறது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை நடத்தும் நொதி முடங்கிவிடுகிறது. மூச்சு ஓடும், ரத்தத்தில் ஆக்சிஜனும் இருக்கும். செல்லால் அதைத் தொட முடியாது. இதைவிட மோசம், மூக்கை ஏமாற்றுவது. மிகச் சிறிய அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் நுகரும் நரம்பே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று நினைப்பவர்தான் சிக்குகிறார். பல நூறு பங்கு ஆனதும் ஓடக்கூட நேரமில்லை. நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் ‘விஷவாயு தாக்கி’ இறந்ததாக வரும் செய்திகளில் பெரும்பாலும் இதே வாயுதான்.

இதெல்லாம் பழங்கதை என்று ஜப்பானில் யாரும் விட்டுவிட முடியாது. 1997இல் அதாதாரா எரிமலையின் பள்ளத்தில் இதே வாயுவால் மலையேறிகள் நான்கு பேர் இறந்தார்கள். 2005 டிசம்பரில் அகிதா மாகாணத்தின் ஒரு வெந்நீர் ஊற்றுப் பகுதியில், பனிக்குழிக்குள் தேங்கிய வாயு ஒரு குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றது.

2022 மார்ச்சில் செஷ்ஷோசெகி இரண்டாகப் பிளந்து கிடந்தது. நரி தப்பித்துவிட்டது என்று இணையம் முழுக்க ஒரே பரபரப்பு. பாறையில் சில வருடங்களாகவே விரிசல் இருந்தது. மழைநீர் உள்ளே இறங்கி உறைந்திருக்கலாம் என்றார்கள் உள்ளூர் அதிகாரிகள். உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். விரிசலை அகட்ட அது போதும். நரிக்காக ஒரு சாந்திச் சடங்கும் நடந்தது. அந்த டிசம்பரில் பாறையை ஒட்டி எட்டுக் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. மறுபடியும் நரி பேச்சு கிளம்பியது. எனக்கென்னவோ பன்றியின் மூக்கு தரையை ஒட்டியே இருக்கும் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஷிகா நோ யூ என்ற பழைய பொதுக் குளியலறை. அதே கந்தக நிலத்தின் நீர்தான். அதில் கரைந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றுப் பட்டு நுண்ணிய கந்தகத் துகளாகிவிடுவதால் தொட்டிகள் பால்போல வெளுத்திருக்கும். 41 முதல் 48 டிகிரி வரை விதவிதமான சூட்டில் மக்கள் கழுத்தளவு அமிழ்ந்து கிடக்கிறார்கள். இத்தகைய குளியலறைகளில் காற்றோட்டத்துக்கு ஜப்பானில் கண்டிப்பான விதிமுறை உண்டு.