வங்கிக் கணக்குக்கு அடியில் ஓடும் 1959ஆம் ஆண்டு மொழி

1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கூடிய ஒரு குழு, எந்த நிறுவனத்தின் கணினியிலும் ஓடக்கூடிய வணிக நிரல் மொழி ஒன்றை வடிவமைத்தது. அதற்குமுன் அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் உருவாக்கியிருந்த ஃப்ளோ-மேட்டிக் என்ற நிரல் மொழிதான் அதற்கு முக்கிய அடிப்படை. அப்படிப் பிறந்த கோபோல் மொழியில் எழுதிய நிரல்கள் இன்றும் பல பெரிய வங்கிகளில் ராத்திரியோடு ராத்திரியாக வட்டிக் கணக்குப் போடுகின்றன. இன்னும் முப்பது வருடத்தில் வணிக மென்பொருள் எப்படி இருக்கும் என்று யோசிப்பவர்கள், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கோபோல் பணத்தை எழுதிவைக்கும் விதமே தனி. பைதான் என்ற இன்றைய நிரல் மொழியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். 0.1ஐ இரும எண்ணாக, அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில், மீதியில்லாமல் எழுத முடியாததுதான் காரணம். கோபோலில் பணத்துக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் ‘பேக்டு டெசிமல்’ வடிவம் 12,345.67 ரூபாயை இலக்கம் இலக்கமாகவே வைத்துக்கொள்கிறது. ஓர் இலக்கத்துக்கு அரை பைட். கூட்டல், கழித்தல் குறிக்கு இன்னோர் அரை பைட். ஏழு இலக்கமும் குறியும் சேர்த்து நான்கே பைட்! தசமப் புள்ளியைச் சேமிப்பதே இல்லை. கடைசி இரண்டு இலக்கம் பைசா என்று நிரலின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவார்கள். இந்தக் கணக்குக்கென்றே ஐபிஎம் நிறுவனத்தின் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியின் வன்பொருளில் தனிக் கட்டளைகள் உண்டு. 1964இல் வந்த சிஸ்டம்/360 கணினியின் காலத்திலிருந்தே, பழைய நிரல் புது இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்பதில் அந்த நிறுவனம் பிடிவாதமாக இருந்துவருகிறது.

சரி, ஜாவா என்ற புதிய மொழியிலும் துல்லியமான தசமக் கணக்குக்கு பிக்டெசிமல் என்ற வசதி இருக்கிறதே, அதற்கு மாற்றிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். வரிச் சட்டம் மாறியபோது நிரலில் ஒரு வரி, பழைய கடன் திட்டம் ஒன்றுக்கு விதிவிலக்காக நாலு வரி என்று பல பத்தாண்டுகளாகச் சேர்த்திருப்பார்கள். எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள். ஏன் இப்படி என்பதற்கு அந்த நிரலைத் தவிர வேறு ஆவணம் இருக்காது. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி சாட்சி. 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் புதிய தளத்துக்கு மாறியது. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் தவித்தார்கள். 2022இல் 4.865 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது.

இதற்கு மாற்றாக மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபௌலர் 2004இல் ஒரு வழியை எழுதினார். பனைமரத்தைச் சுற்றி ஆல் வளர்வதுபோல, பழையதைச் சுற்றிப் புதியதை வளர்ப்பது. வரும் கோரிக்கைகளை முன்னால் நிற்கும் ஓர் அடுக்கு வாங்கிக்கொள்ளும். முகவரி மாற்றம் போன்ற சின்ன வேலையை முதலில் புதிய நிரலுக்கு அனுப்பும், மற்றதெல்லாம் வழக்கம்போலப் பழையதுக்கே போகும். அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றலாம். என் பார்வையில் வணிக மென்பொருளின் எதிர்காலம் இந்த நிதானமான வழியில்தான் இருக்கிறது.

கோபோலை ஜாவாவாக்க உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஐபிஎம் 2023இல் அறிவித்தது. வரிக்கு வரி மாற்றுவதைவிட, இந்தப் பகுதி என்ன செய்கிறது என்று புதிதாக வரும் பொறியாளருக்கு விளக்கிச் சொல்வதில்தான் இப்படிப்பட்ட கருவிகளின் பெரிய பயன் இருக்கும் என்று நம்புகிறேன். மாற்றிய நிரல் சரியா என்று பார்க்க, இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்டிப் பைசா சுத்தமாக ஒப்பிட்டே ஆக வேண்டும். அதுவும் ஒரு வாரம் ஓட்டினால் போதாது. மாதக் கடைசியும் மார்ச் 31உம் தாண்ட வேண்டும். பிப்ரவரி 29க்கு மட்டும் வேலை செய்யும் நிரல் வரிகளைத் தனியாகத் தேதி கொடுத்துச் சோதிக்க வேண்டும்.