முதல் மூன்று நாள்

எச்ஐவி தொற்றியிருக்குமோ என்று பயப்படுகிறவர்கள், பெங்களூரு அல்சூரில் என் கிளினிக்கை மூடப்போகும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். உட்கார்ந்ததும் தலைவலி என்பார்கள், தூக்கம் வரவில்லை என்பார்கள். நான் அவசரப்படுத்த மாட்டேன்.

ஒரு வியாழக்கிழமை வந்த தம்பி சேலத்துப் பக்கம். எட்டாக மடித்த ரிப்போர்ட் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பிரித்துப் பிரித்துப் பார்த்து மடிப்பில் எழுத்தே தேய்ந்துவிட்டது. சனிக்கிழமை இரவு ஆணுறை இல்லாமல் உறவு. ஞாயிறு காலையே ஒரு லேபில் எச்ஐவி பரிசோதனை, நெகட்டிவ். “ஆனாலும் பயமா இருக்கு மேடம், இன்னொரு தடவை பார்த்துடலாமா?”

அந்த ரிப்போர்ட் சனிக்கிழமையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கிருமி நுழைந்த மறுநாள் எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது. ஞாயிறன்று அவருக்கு முக்கியமாகத் தேவைப்பட்டது மாத்திரை. ‘பெப்’ என்கிற தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ரத்தம் எடுத்த லேபில் ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆணுறை கிழிந்தாலும் இதே கணக்குதான். இரவென்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் ‘பெப்’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியவில்லையா, 1097 என்ற எச்ஐவி உதவி எண் இருக்கிறது, இலவசம்.

சரி, மூன்று நாள் தாண்டிவிட்டது. அதற்காக எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. துணைக்கு எச்ஐவி இருந்து, சிகிச்சை எடுக்காமல் இருந்தால்கூட, பெண்ணுறுப்பு வழி உறவில் ஒருமுறைக்குத் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் நான்கிலிருந்து எட்டுக்குள். ஆசனவாய் வழியாக ஏற்பவருக்கு இது பல மடங்கு, பத்தாயிரத்தில் ஏறக்குறைய 138. முத்தத்தாலோ ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலோ பரவாது. துணை ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உறவின் மூலம் தொற்றவே தொற்றாது.

நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை பரிசோதனை 45 நாளில் உறுதியாகச் சொல்லிவிடும். விரலில் குத்திப் பார்ப்பதென்றால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பெப் எடுத்தவர்கள் கடைசி மாத்திரையிலிருந்து நாளை எண்ணுங்கள். நடுவில் வாரம் ஒரு லேபாக அலைவதில் பயன் இல்லை. அதுவரை ஆணுறை அவசியம், ரத்ததானம் வேண்டாம். ஹெபடைடிஸ் பி என்கிற கல்லீரல் தொற்றும் உறவின் மூலம் பரவும், அதற்குத் தடுப்பூசி போடாதவர்கள் அதையும் உடனே கேளுங்கள்.

தம்பி 45ஆம் நாள் வந்தார். எச்ஐவி இல்லை. உறவின் மூலம் பரவும் இன்னொரு நோயான சிபிலிஸ் இருந்தது. வலியில்லாத சின்னப் புண் ஒன்று வந்து தானே ஆறிவிட்டதாம், எச்ஐவி பயத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரம்பநிலை என்பதால் பென்சிலின் ஊசியிலேயே குணமாகும் என்றேன். மூன்றாம் மாதம் மறுபடி பார்க்கத் தேதி குறித்தேன்.

“அவங்களுக்கும் சொல்லணுமா மேடம்?” என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும், அந்தப் பெண்ணுக்கும் சிகிச்சை தேவைப்படும் என்றேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் எதிரில் உட்கார்ந்தபடியே போன் செய்தார்.