டெட்ரிஸ் மெட்டும் ஒரு தீபாவளி விளம்பரமும்

சேலம் அம்மாப்பேட்டையில் எனது ஒலிப்பதிவுக் கூடம் இருக்கும் தெருவில் பகல் முழுவதும் கைத்தறிச் சத்தம். கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டி, சுவருக்குப் பஞ்சு அடைத்து, கம்பளமும் விரித்தாயிற்று. மிதி விழும் அதிர்வு தரை வழியாக ஏறி மைக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே குரல் பதிவுகளை இரவு எட்டு மணிக்கு மேல்தான் வைத்துக்கொள்கிறேன். பகலில் கீபோர்டு வகுப்பு, விளம்பர இசை, திருமண வீடியோக்களுக்குப் பின்னணி. இருபது ஆண்டுகளாக இதுதான் பிழைப்பு. இந்தப் பிழைப்பில் நான் பட்ட ஓர் அவமானத்தை எழுதப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு ஜவுளிக்கடை முதலாளி தம் மகனோடு வந்தார். 30 விநாடி விளம்பரம் வேண்டும். பையன் செல்போனில் ஓர் இசையைப் போட்டுக் காட்டினான். முதல் நான்கு சுரத்திலேயே தெரிந்துவிட்டது: டெட்ரிஸ். கோட்டை மாரியம்மன் கோயில் ஆடிப் பண்டிகைக் கடைகளில் என் வயதுக்காரர்கள் அடம்பிடித்து வாங்கிய கையடக்கக் கட்டை விளையாட்டின் அசல். மேலிருந்து கட்டைகள் விழும், சந்து விடாமல் அடுக்க வேண்டும். சேலைகள் மேலிருந்து விழுந்து அலமாரியில் தாமே அடுக்கிக்கொள்வதாகக் காட்சி வைக்கலாம் என்றான் பையன். நல்ல யோசனைதான்.

முதலாளி ஒன்றே ஒன்று கேட்டார்: "இதை எடுத்தால் நாளைக்கு யாராவது வந்து பணம் கேட்பார்களா?"

எனக்கு விடை தெரியும் என்ற தெம்பில் நீளமாகவே சொன்னேன். டெட்ரிஸ் விளையாட்டை 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கினார். அதன் அடையாளமாகிவிட்ட இந்த மெட்டு அவருடையதும் இல்லை, விளையாட்டுக்காகப் போடப்பட்டதும் இல்லை. 'கரோபெய்னிகி' என்ற பழைய ரஷ்ய நாட்டுப்புறப் பாடல் அது. தலைப்பின் பொருள் ஊர் ஊராகப் பெட்டி சுமந்து விற்கும் வியாபாரிகள். சொற்கள் நிகலாய் நெக்ராசவ் 1861-இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. அவர் 1878-இல் காலமானார். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் உரிமை. ஆகவே மெட்டுக்கும் சொல்லுக்கும் சொந்தக்காரர் யாரும் இல்லை.

இடையில் ஒரு முணுமுணுப்பு: பத்திரிகைகளே இதைக் 'காப்புரிமை' என்று எழுதிவிடுகின்றன. காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு. பாட்டுக்கும் எழுத்துக்கும் பதிப்புரிமை.

பாட்டின் முதல் வரியைக் கேட்டதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். 'என் பெட்டி நிறைந்து கிடக்கிறது, சீட்டித் துணியும் இருக்கிறது, சரிகைத் துணியும் இருக்கிறது' என்பதுதான் அது. சேலத்து வெண்பட்டு விற்கிற மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்? அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டார்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பிழையில்லை. பிழை அன்று இரவு நான் செய்த வேலையில் இருந்தது.

தீபாவளி நெருக்கடி, கையில் ஏழு விளம்பரங்கள். மெட்டுதான் பொதுச் சொத்தாயிற்றே என்று இணையத்திலிருந்து அந்தப் பாட்டின் மிடி கோப்பு ஒன்றை இறக்கினேன். மிடி கோப்பில் ஒலி இருக்காது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்புகள் மட்டும் இருக்கும். பியானோ இருந்த இடத்தில் வீணையைப் போட்டேன். டிரம்ஸை எடுத்துவிட்டுத் தபலா வைத்தேன். வேகத்தைக் கூட்டி, அரைச் சுரம் ஏற்றினேன். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. விளம்பரம் கேபிளிலும் இணையத்திலும் ஓடியது. பத்தாம் நாள் முதலாளியின் மின்னஞ்சலுக்கு உரிமைக் கோரல் வந்தது. வெளிநாட்டு இசைக்கலைஞர் ஒருவர் அது தம்முடையது என்கிறார். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கையில் விளம்பரத்தின் ஒலி அடைக்கப்பட்டுவிட்டது. சேலைகள் ஊமையாக விழுந்துகொண்டிருந்தன.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நாட்டுப்புறப் பாட்டுக்கு இவர் யார் என்று. பிறகு அவர் வெளியிட்டிருந்த பதிவை இடது காதிலும் என்னுடையதை வலது காதிலும் போட்டுக் கேட்டேன். மேலே ஓடும் மெட்டு உலகத்தார் எல்லோரும் வாசிப்பதுதான். ஆனால் அதற்குக் கீழே, இரண்டாவது சுற்றில், துணைக் குரல் ஒன்று படிப்படியாக இறங்கி வந்து மெட்டின் கடைசிச் சுரத்துக்கு ஒரு மாத்திரை முன்பாகவே வந்து நிற்கிறது. அப்புறம் நான்கு பார் (தாளக் கட்டம்) நீளத்துக்கு ஓர் இடையிசை. இரண்டும் நாட்டுப்புறப் பாட்டில் கிடையாது. அவர் உட்கார்ந்து யோசித்துப் போட்டவை. நான் வீணையில் வாசிக்க வைத்திருந்ததும் அவருடைய யோசனையைத்தான். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

எங்கள் தொழிலில் அரேஞ்ச்மென்ட் என்கிறோம். எழுத்தில் இசைக்கோர்ப்பு எனலாம். பாட்டு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று சொத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பது: மெட்டு ஒருவருடையதாக இருக்கலாம், அதைக் கோர்த்த விதம் இன்னொருவருடையது, அதைப் பதிவு செய்த ஒலி மூன்றாமவருடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஓர் இசைப் படைப்பை மறுகோர்ப்புச் செய்வதையே 'தழுவல்' என்ற சொல்லுக்குள் வைக்கிறது. உரிமை உயிரோடிருக்கும் மெட்டைத் தழுவ உரிமையாளரின் அனுமதி வேண்டும். உரிமை காலாவதியான மெட்டை யாரும் தழுவலாம். ஆனால் தழுவியவர் சொந்தமாகச் சேர்த்தது அவருடையதாகிவிடும்.

இந்த டெட்ரிஸ் மெட்டையே பாருங்கள். ஆதார சட்ஜத்தைக் கீபோர்டின் ஏ-வில் வைத்தால், 'ப, ரி க ம, க ரி ஸ, ஸ க ப, ம க ரி' என்று போகிறது. சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம். அடுத்த அடியில் சுத்த தைவதமும் கைசிகி நிஷாதமும் வந்து சேர்கின்றன. 20-ஆவது மேளகர்த்தா ராகமான நடபைரவியின் சுரங்கள் அத்தனையும் இருக்கின்றன. பாடகர்கள் இதை மெதுவாக எடுத்து, சுற்றுக்குச் சுற்று வேகம் கூட்டி முடிப்பது வழக்கம். 1989-இல் நின்டெண்டோவின் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக இதைக் கோர்த்தவர் ஹிரோகாசு தனாகா. அந்தக் கருவியில் மொத்தம் நான்கு ஒலித்தடங்கள்: இரண்டு சதுர அலை, நாமே வடிவம் கொடுக்கக்கூடிய அலை ஒன்று, வெறும் இரைச்சல் ஒன்று. கையில் நான்கே நான்கு வாத்தியக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவருக்குச் 'சூ' என்று ஊதத்தான் தெரியும். அதற்குள் மெட்டு, துணைக் குரல், அடிக்குரல், தாளம் அனைத்தையும் அடக்கியதுதான் தனாகாவின் கைவண்ணம். நாம் மூளைக்குள் முணுமுணுப்பது பெரும்பாலும் நாட்டுப்புறப் பாட்டை இல்லை, அந்தக் கோர்ப்பை.

1992-இல் ஆண்ட்ரூ லாயிட் வெபர், நைஜல் ரைட் என்ற இருவரும் சேர்ந்து 'டாக்டர் ஸ்பின்' என்ற பெயரில் இதே மெட்டை நடன இசையாக்க, அது பிரிட்டன் பாடல் விற்பனைப் பட்டியலில் 6-ஆம் இடம் வரை ஏறியது. மெட்டு அதேதான், கோர்ப்பும் பதிவும் வேறு ஆட்களுடைய சொத்து. போதாக்குறைக்கு, டெட்ரிஸ் நிறுவனம் வீடியோ கேம்களுக்காக இந்த மெட்டை அமெரிக்காவில் ஒலி வணிகச் சின்னமாகவே பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆகவே கேம் தயாரிக்கும் தம்பிகள் 'பழைய பாட்டுதானே' என்று இதைத் தங்கள் விளையாட்டில் வைக்கும் முன் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும். நானும் இந்தச் சட்டத்தை அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில் தொழில் செய்யும் நண்பரை வைத்துக்கொண்டுதான் வரி வரியாகப் படித்தேன்.

ஏற்காட்டிலிருந்து ஒரு தேவாலயப் பாடகர் குழு வந்தது இதற்கு நேர்மாறான கதை. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த களைப்பிலும் அருமையாகப் பாடினார்கள். பாட வந்தது 'பாபா யேத்து'. 2005-இல் வந்த 'சிவிலைசேஷன் 4' விளையாட்டின் தலைப்புப் பாடல். 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்ற ஜெபம், சுவாஹிலி மொழியில். ஜெபத்துக்கு ஏது உரிமை என்பது அவர்களுடைய எண்ணம். சொல்லுக்கு உரிமை இல்லை, சரி. மெட்டைப் போட்டவர் கிறிஸ்டஃபர் டின், நம்மோடு வாழ்கிற மனிதர். 2011-இல் இந்தப் பாட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. வீடியோ கேமுக்காக எழுதப்பட்ட இசை அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. எந்தப் பிரிவில் என்று நினைக்கிறீர்கள்? இசைக்கோர்ப்புப் பிரிவில்.

வழிபாட்டில் பாடுவதற்குத் தடையில்லை. உண்மையான மதச் சடங்கின்போது இசைப்பதைச் சட்டம் மீறலாகக் கருதவில்லை. ஆனால் ஒரே ஒரு நொட்டேஷன் புத்தகத்தை முப்பது பேருக்கு நகலெடுத்திருந்தார்கள். பதிவு செய்து குறுந்தகடாக விற்கவும் திட்டம். இரண்டும் அந்த விலக்குக்குள் வராது என்று சொல்லி, அனுமதி கேட்டு எழுதிவிட்டு வரச் சொன்னேன். ஒருவர் முகம் சுளித்தார். வாத்தியார் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கீபோர்டு வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கேட்பது மாரியோ. 1985-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவன விளையாட்டுக்காகக் கோஜி கோண்டோ போட்டது. விளையாட்டில் மீதி நேரம் 100-க்குக் கீழே இறங்கியதும் அதே இசை விரைவாக ஓடுமே, அதை வாசித்துக் காட்டினால் வகுப்பே கைதட்டும். 2023-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்த முதல் வீடியோ கேம் இசையும் இதுதான். பள்ளி ஆண்டு விழாவில் மாணவர்கள் வாசிக்கலாமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக. ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளோர் மட்டும் பார்வையாளர்களாக இருக்கும்வரை சட்டமே விலக்கு அளிக்கிறது. அதே விழாவை இணையத்தில் நேரலை விட்டால் பார்வையாளர் ஊர் உலகமாகிவிடுகிறது. விலக்கு அங்கே நிற்காது. இந்த வித்தியாசத்தை விழா மேடையில் மைக் பிடிக்கிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

'30 விநாடிக்குள் இருந்தால் தப்பில்லை', 'பெயர் போட்டால் போதும்', 'சுருதியை மாற்றிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது' என்பவை எல்லாம் டீக்கடைச் சட்டங்கள். முதலாவது எந்தப் பிரிவிலும் இல்லை. மூன்றாவதை நானே செய்து பார்த்து மாட்டிக்கொண்டேன். ஏற்கெனவே வந்த பாட்டை வேறொருவர் புதிதாகப் பதிவு செய்யும் கவர் பாடல் என்ற வழி ஒன்று சட்டத்தில் உண்டு. ஆனால் அதற்கு முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டி அறிவிப்பும் உரிமைத்தொகையும் கொடுக்க வேண்டும், பாட்டை இஷ்டத்துக்கு மாற்றவும் கூடாது. கவர் போடுகிறவர்களில் இதைப் படித்தவரை நான் பார்த்ததில்லை.

எதிர்ப்பக்கமும் நடக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாப்பிள்ளை, மென்பொருள் வேலையில் இருப்பவர், தம் மாப்பிள்ளை அழைப்புக்கு டெட்ரிஸ் மெட்டு நாதஸ்வரத்தில் வேண்டும் என்றார். வித்வானிடம் கீபோர்டில் ஒரு முறை வாசித்துக் காட்டினேன். "நடபைரவியில் யாருடைய உருப்படி இது?" என்று கேட்டார். ரஷ்ய ஜவுளி வியாபாரியின் உருப்படி என்றேன். சிரித்துவிட்டு, சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு, காந்தாரத்தை லேசாக அசைத்து எடுத்தார் பாருங்கள். கேம் பாயின் சதுர அலை கனவிலும் காணாத அசைவு. தவில்காரர் மூன்றாம் சுற்றில் வேகத்தை இரட்டித்தார். அந்தப் பதிவை இணையத்தில் ஏற்றிய மறுநாளே ஏதோ ஒரு வெளிநாட்டு விநியோக நிறுவனத்தின் பெயரில் உரிமைக் கோரல். இந்த முறை நான் பதறவில்லை. மெட்டு பொதுச் சொத்து, கோர்ப்பு எங்களுடையது, பதிவு எங்கள் கூடத்தில் நடந்தது என்று மூன்று வரி எழுதி, கையெழுத்து நொட்டேஷனின் புகைப்படத்தையும், தடம் தடமாகப் பிரித்த மூலக் கோப்பின் படத்தையும் இணைத்து மறுப்பு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் கோரல் விலக்கப்பட்டது. இயந்திரம் மெட்டைக் கேட்டு ஆளைப் பிடிக்கும். யார் கோர்த்தது என்று அதற்குத் தெரியாது. அதனால் இப்போது எந்த வேலைக்கும் முதல் நாள் கையால் எழுதிய தாளைத் தேதி போட்டு வைத்துக்கொள்கிறேன். மிடி கோப்பு இறக்குவதை நிறுத்திவிட்டேன்.

ஜவுளிக்கடை முதலாளி மறு ஆண்டும் வந்தார், அதுவே பெரிய விஷயம். அதே மெட்டைத்தான் கேட்டார். இம்முறை எதிர்வீட்டுத் தறியின் அருகில் மைக்கைக் கொண்டுபோய் வைத்தேன். நெய்கிறவர் மெதுவாக ஓட்ட, நாடா போய் வரும் சத்தமும் பலகை அடிக்கும் சத்தமும் தாளமாயின. அதன்மேல் புல்லாங்குழலில் மெட்டு, கீழே ஒற்றை வீணை. இருபது ஆண்டுகளாக எந்தச் சத்தத்தை அடைக்கப் பஞ்சு வாங்கினேனோ, அதைக் காசு கொடுத்துப் பதிவு செய்தேன். கோர்ப்பு என்னுடையது, விளம்பரத்துக்கு மட்டும் பயன்படுத்த உரிமை கடைக்கு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

பையன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். இந்தத் தீபாவளிக்கு மாரியோ வைக்கலாமே என்றான். ஜப்பானுக்கு யாருக்கு எழுத வேண்டும், என்ன கேட்க வேண்டும், பதில் வர எத்தனை நாளாகும் என்று சொல்லத் தொடங்கினேன். முதலாளி பாதியிலேயே கையை அமர்த்தினார். "நம் துணிக்காரன் பாட்டே இருக்கட்டும். தறிச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி வையுங்கள்."