கணுக்காலில் கட்டிய இருநூறு கிராம்

ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள கொச்சி நகராட்சி (கேரளத்துக் கொச்சி இல்லை) 2002-இல் முதியவர்களுக்கென்று ஒரு பயிற்சியை உருவாக்கியது. ‘இகிஇகி ஹியாகுசாய் தைசோ’ என்று பெயர். உற்சாகமாக நூறு வயதுவரை வாழ்வதற்கான உடற்பயிற்சி. வேண்டிய கருவிகள் ஒரு நாற்காலியும், மணிக்கட்டிலோ கணுக்காலிலோ கட்டிக்கொள்ளும் பட்டையும்தான். பட்டையில் சுமார் 200 கிராம் எடையுள்ள குச்சிகளைச் செருகலாம். வெறும் பட்டையில் தொடங்கி, உடம்பு பழகப் பழக 2.2 கிலோ வரை கூட்டலாம். உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டுவது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் தூக்குவது, எழுந்து உட்காருவது என்று எல்லாமே நிதானமாக நடக்கும்.

எண்பது வயதில் காலில் எடை கட்ட வேண்டுமா, வாக்கிங் போனால் போதாதா என்று கேட்கலாம். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான். ஆனால் வயதானவர்களைக் கீழே தள்ளும் பலவீனத்துக்கு அது மட்டும் போதாது. காரணம் தசைக்குள் இருக்கிறது.

தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு இயக்க நரம்பும் ஒரு கொத்து தசை இழைகளை ஆட்டிவைக்கிறது. சில கொத்துகள் சிறியவை: மெதுவாக இயங்கும், சீக்கிரம் களைக்காது. சில பெரியவை: சட்டென்று பெரும் விசை தரும், சீக்கிரம் களைத்துவிடும். வேலை வரும்போது உடம்பு முதலில் சிறிய கொத்துகளை அழைக்கும். பாரம் கூடினால்தான் பெரியவற்றின் முறை வரும். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் எல்வுட் ஹென்னிமன் 1950-களில் பூனைகளின் தண்டுவடத்தை ஆராய்ந்து கண்ட ஒழுங்கு இது. சமதரையில் மெல்ல நடப்பதற்குச் சிறிய கொத்துகளே பெரும்பாலும் போதும். பெரியவை சும்மா கிடக்கும். வயதாக ஆக அதிகம் மெலிவதும் பெரிய கொத்துகளில் உள்ள இந்த வேகமான இழைகள்தான். கால் இடறிய நொடியில் மறுகாலை எட்டி ஊன்றி விழாமல் தடுக்க வேண்டியவையும் அவையே! கணுக்காலில் ஏறும் எடை அவற்றை வேலைக்கு இழுக்கிறது.

தொண்ணூறு வயதில் இதெல்லாம் பலிக்குமா? அமெரிக்காவின் பாஸ்டனில் மருத்துவர் மரியா ஃபியடரோன் குழுவினர் சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவை வெளியிட்டார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாகத் தொண்ணூறு வயதான 10 பேர் எட்டு வாரம் கடுமையான கால் பயிற்சி செய்தார்கள். கடைசிவரை செய்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையின் அளவோ சுமார் 9 சதவீதம்தான் கூடியது. இந்த இடைவெளிதான் எனக்குச் சுவாரசியம். தசை பெருத்ததைவிட, இருக்கிற தசையை நரம்புகள் முழுதாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டதுதான் இதில் பெரிய பங்கு. அதனால்தான் உடம்பில் மாற்றம் தெரிவதற்கு முன்பே மாடிப்படி எளிதாகத் தோன்றும். பத்துப் பேர் சின்னக் கணக்கு என்பது உண்மை. ஆனால் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் எடைப் பயிற்சி முதியோருக்கு வலிமை தருவதையே காட்டின.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்த ஓர் ஆய்வில் கால்களின் தசைத்திசு ஏறக்குறைய ஒரு கிலோ கரைந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் ‘பேசாமல் படுத்திருங்கள்’ என்று அன்போடு சொல்வது பல நேரம் கெடுதல்.

பயிற்சியை விட்டால் வந்த வலிமை போய்விடும் என்பதால், கொச்சியில் இதைத் தனியாள் பாடாக விடவில்லை. அக்கம்பக்கத்தார் சமுதாயக் கூடத்தில் கூடி அவர்களே நடத்துகிறார்கள். நகராட்சி எடைகளையும் வீடியோவையும் கொடுத்து, சொல்லிக்கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது. ஒருவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது. பிற ஊர்களுக்கும் இது பரவியதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தொடங்குபவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கக் கூடாது. ரத்த அழுத்தம் எகிறும். இதய நோயோ சமீபத்தில் எலும்பு முறிவோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இப்போது கால்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையம் (CDC) பரிந்துரைக்கும் சோதனை ஒன்று உண்டு. கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ண வேண்டும். 70 முதல் 74 வயதுக்குள் இருக்கும் ஆண் 12 முறைக்கும், பெண் 10 முறைக்கும் குறைவாக எழுந்தால் விழும் அபாயம் அதிகம். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.